பூச்சின் அடியில் துரு

மோதி நெளிந்த மட்காட்டை நிமிர்த்தி வர்ணம் பூசித் தருமாறு ஒருவர் தமது காரைத் திருத்துமிடம் ஒன்றில் ஒப்படைக்கின்றார். பேசிய கூலியை ஒரு சதமும் குறையாது செலுத்துகின்றார். அந்தி மங்கலில் வண்டி பளபளக்கின்றது. மறுநாட் காலை வெய்யிலிற் பார்த்தால் கதவு ஒரு நிறம், மட்காட் இன்னொரு நிறம். மாரி தொடங்கியதும் பூச்சுக் கொப்புளித்து உரிகின்றது. திரும்பிச் சென்று கேட்டால், “அது உப்புக் காற்றின் வேலை, நாங்கள் என்ன செய்ய?” என்ற மறுமொழியே கிடைக்கின்றது. வடக்கிலும் கிழக்கிலும் வாகனம் வைத்திருப்போர் பலருக்கு இது புதிய கதையன்று.

இனத்தின் உரிமை பேசும் ஏட்டுக்குக் காரின் பூச்சும் ஒரு பொருளா எனச் சிலர் வினவலாம். பொருள்தான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் வழி திறந்தது. அதுவும் கடும் வரிச் சுமையோடு. ஆகவே ஆசிரியர், வைத்தியர், எழுதுவினைஞர் ஆகியோரது பழைய கார் இன்று வீட்டுக்கும் வளவுக்கும் அடுத்த சொத்து. வெங்காயத்தைத் தம்புள்ளைச் சந்தைக்கு ஏற்றும் விவசாயிக்கு அவரது லொறியோ பட்டா வாகனமோ வாழ்வின் கருவி. அச்சொத்தின் தகட்டைக் காப்பது அதன்மேல் உள்ள பூச்சே. பூச்சுக் கெட்டால் அழகு மட்டுமா கெடும்? தகடு துருப்பிடிக்கும், விலை சரியும், ஓடவேண்டிய வண்டி மறுபடியும் நாட்கணக்கிற் கராச்சிற் கிடக்கும்.

பூச்சு வேலையின் நன்மை தீமை கண்ணுக்குத் தெரியாத அடுக்குகளிலேயே தங்கியுள்ளது. துருவை வெறுந் தகடு தெரியும்வரை தேய்த்து அகற்றவேண்டும். நெளிவைத் தட்டி நிமிர்த்தியபின், எஞ்சிய சிறு பள்ளத்துக்கு மட்டுமே பட்டி இடவேண்டும். அதன்மேல் அடிப்பூச்சு, பின் நிறப்பூச்சு, ஈற்றில் ஒளிர்பூச்சு. ஒவ்வொன்றும் உலர நேரம் கொடுக்கவேண்டும். இதில் எந்தப் படியை விட்டாலும் முதல் நாளில் எவருக்கும் தெரியாது. துருவின் மேலேயே பட்டியை அப்பினால், அது ஈரத்தை உறிஞ்சி உள்ளிருந்தே தகட்டைத் தின்னும். காற்றழுத்த யந்திரத்தில் தேங்கிய நீரை வடிக்காது பூசினால் கொப்புளம் எழும். உப்புக் காற்று எல்லா வண்டிகளிலும்தான் படுகின்றது. ஒழுங்காகப் பூசிய வண்டி மட்டும் எவ்வாறு தப்புகின்றது?

எமது தொழிலாளரைப் பழிப்பது எமது நோக்கமன்று. 1990களில் பொருளாதாரத் தடை யாழ்ப்பாணத்தை நெரித்த வேளையில், உதிரிப்பாகமும் பெற்றோலும் இன்றி, மண்ணெண்ணெயில் ஒஸ்டினையும் மொறிஸ் மைனரையும் ஓடவைத்தவர்கள் எமது மெக்கானிக்குகளே. அத்தகைய கைகளைக் கொண்ட மண்ணில் திறமைக்குப் பஞ்சமில்லை. வாகனச் சொந்தக்காரரிடமும் குற்றம் உண்டு. அடிமட்டக் கூலி பேசி, நாளைக்கே வண்டி வேண்டும் என நெருக்குபவர், உலர விடும் நேரத்தைத் தாமே பறிக்கின்றார். ஆனால் நியாயமான கூலியை வாங்கிக்கொண்டு துருவை மூடி மறைப்பது வேறு. அது கவனக் குறைவன்று, ஏமாற்று. அதனால் வாகனக்காரருக்கு மட்டுமல்ல, அதே தெருவில் நேர்மையாகத் தேய்த்து உழைக்கும் தொழிலாளிக்கும் நட்டம். மூடி மறைப்பவன் குறைந்த விலை கூறி அவனது வாடிக்கையைப் பறிக்கின்றானன்றோ?

சட்டம் இதில் ஊமையாக இல்லை. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 32 ஆம் பிரிவு, சேவை வழங்கும் ஒவ்வோர் ஒப்பந்தத்திலும் ஓர் உத்தரவாதம் சொல்லாமலே அடங்கியிருப்பதாகக் கொள்கின்றது. வேலை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்யப்படும், பயன்படுத்தும் பொருள்கள் நோக்கத்துக்குத் தக்கனவாய் இருக்கும் என்பதே அது. “நாங்கள் உத்தரவாதம் தரவில்லையே” என்பது எனவே விடையாகாது. அச்சபைக்கு எழுத்தில் முறையிடலாம். விசாரித்து நட்டஈடு வழங்கப் பணிக்கும் அதிகாரம் அதற்குண்டு. ஆனால் சேவை பெற்று 3 மாதங்களுக்குள் முறையிடவேண்டும் என்பது விதி.

இங்கேதான் எமது கோரிக்கை எழுகின்றது. வெய்யிற் காலத்திற் பூசிய பூச்சின் குறை மாரியிலேயே வெளிப்படும். அதற்குள் 3 மாதம் கழிந்துவிடும். குறை வெளிப்படுமுன்னரே பரிகாரத்தின் கதவு சாத்தப்படுமாயின் ஏமாற்றுபவனுக்கு அது வரப்பிரசாதம். மறைந்து கிடந்த குறை வெளிப்பட்ட நாளிலிருந்தே காலத்தைக் கணிக்குமாறு அவ்விதி திருத்தப்படவேண்டும். எமது பாராளுமன்ற உறுப்பினர்கள், கட்சி எதுவாயினும், இதனைச் சபையில் எழுப்புதல் வேண்டும்.

சட்டம் திருந்தும்வரை மக்கள் தம்மைத் தாமே காத்துக்கொள்வதற்கு வழி உண்டு, அது எழுத்து. 1871 ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டம், எழுத்திற் செய்த உடன்படிக்கைக்கு வழக்காட 6 ஆண்டு தருகின்றது. வாய்ப்பேச்சுக்கு 3 ஆண்டே. ஒரு தாளின் பெறுமதி 3 ஆண்டுகள்! ஆகவே எந்தப் பகுதிக்கு வேலை, துரு அகற்றப்படுமா, எவ்வகைப் பூச்சு, என்ன கூலி, எத்தனை மாத உத்தரவாதம் என்பவற்றை விலைமதிப்புச் சீட்டில் எழுதுவியுங்கள். உங்கள் வண்டியின் நிறக் குறியீட்டு எண்ணையும் அதிற் சேருங்கள். வண்டியைப் பட்டப்பகலிற் பொறுப்பேற்று, பக்கவாட்டிலிருந்து நோக்குங்கள். நிற வேறுபாடு, வழிந்த கோடு, தோடம்பழத் தோல் போன்ற சொரசொரப்பு யாவும் சூரிய வெளிச்சத்திற் பேசும். துணி சுற்றிய சிறு காந்தத்தை இரும்புத் தகட்டில் வைத்துப் பாருங்கள். அது பிடியாது வழுகுமிடத்திற் பட்டி தடித்திருக்கின்றது. காப்புறுதி நிறுவனம் வேலை திருப்தி என ஒப்பம் கேட்டால், இவ்வளவும் பார்த்தபின்னரே இடுங்கள்.

குறை கண்டால் சண்டை வேண்டாம், மௌனமும் வேண்டாம். புகைப்படம் எடுத்துத் திகதி குறியுங்கள். வேறொரு கராச்சிற் சுரண்டித் திருத்துவிக்குமுன், வேலை செய்தவருக்கே குறையைத் திருத்த ஒரு தவணை கொடுத்துப் பதிவுத் தபாலிற் கடிதம் அனுப்புங்கள். கூலி தராவிடின் வண்டி வராது என்பாராயின், எமது உரோமன் டச்சுச் சட்டத்தில் அவ்வாறு தடுத்துவைக்கத் தொழிலாளிக்கு உரிமையுண்டு என்பதை மறவாதீர்கள். பூட்டை உடையாதீர்கள், “எதிர்ப்புடன் செலுத்தப்பட்டது” எனப் பற்றுச்சீட்டில் எழுதிப் பணத்தைக் கொடுத்து வண்டியை மீட்டுப் பின்னர் முறையிடுங்கள். இன்னொரு திறமையான தொழிலாளியிடம், என்ன பிழை, திருத்த எவ்வளவு என எழுத்தில் வாங்குங்கள். அதுவே உங்கள் சாட்சி. பிறகு அதிகார சபை. அன்றேல் 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த மத்தியஸ்த சபை. சிறு தொகைப் பிணக்குகள் அங்கு செல்லாமல் நீதிமன்றம் ஏறுவதற்கில்லை. பெருஞ் செலவின்றி, சட்டத்தரணியின்றி, இரு பகுதியாரும் முகம் பார்த்துப் பேசித் தீர்க்க அதுவே நல்ல களம்.

முறைப்பாட்டைத் தமிழில் எழுதுங்கள்; மறுமொழியையும் தமிழிலேயே கேளுங்கள். 1956 இல் மறுக்கப்பட்ட மொழியுரிமை, 1987 இலும் 1988 இலும் அரசியலமைப்புத் திருத்தங்களால் ஏட்டளவிலேனும் ஏற்கப்பட்டது. அரச அலுவலகத்தோடு தமிழிற் கருமமாற்றும் உரிமை உங்களுடையது. பயன்படுத்தாத உரிமை பூட்டிவைத்த கலப்பை. துருவே அதற்குக் கதி.

திருத்துமிட உரிமையாளரும் இதனைத் தமக்கெதிரான போராகக் கொள்ளலாகாது. தொழிற் சங்கமாகக் கூடி, தேசிய தொழிற் தகைமை பெற்றவர்களை வேலைக்கு அமர்த்தி, எழுத்தில் உத்தரவாதம் அளித்து, பிழைத்த வேலையைக் கூலியின்றித் திருத்துவோம் என்று அறிவிப்பார்களாயின், வாகனங்கள் அவர்கள் வாசலை நாடி வரும்.

அரசிடம் நீதி கேட்கும் மக்கள் தம்முள் நடக்கும் அநீதியை “போகட்டும்” என்று விடுவது பொருந்தாது. கொடுத்த கூலிக்கு உரிய வேலையைக் கேட்பது பிச்சையன்று, பகையுமன்று, உரிமை. அதை நயமாகவும் எழுத்திலும் உரிய காலத்திலும் கேட்கப் பழகுவோம்.