வீட்டு விஷயங்கள்: அலைக்குப் பூட்டு

கலங்கரை விளக்கத்தைத் தாண்டிப் பட்டினப்பாக்கத்தை நோக்கிச் சென்றால் வழியில் வருவது நொச்சிக்குப்பம். அங்குள்ள அடுக்குமாடி வீடுகளில் ஒரு சுவருக்கு இப்புறம் ஒரு குடும்பம், அப்புறம் மற்றொரு குடும்பம். இந்த வீட்டில் வஞ்சிரம் வறுத்தால் அந்த வீட்டில் பசி எடுக்கும். வைஃபை என்னும் கம்பியில்லா இணைப்பின் அலையும் வறுவல் வாசனையைப் போன்றதுதான். சுவரைப் பொருட்படுத்தாமல் மாடிப்படி வரையில், சில சமயம் தெரு வரையிலும் போய்விடுகிறது.

"போனால் போகட்டுமே, பக்கத்து வீட்டுப் பிள்ளை இரண்டு சினிமாப் பாட்டுக் கேட்டால் நமக்கென்ன நஷ்டம்?" என்று கேட்கும் தாராள மனமுடையோர் நம்மில் பலர் உண்டு. 1930-ஆம் ஆண்டில் சென்னை நகரசபை ரேடியோ ஒலிபரப்புத் தொடங்கியபோது, மெரினாவில் ஒலிபெருக்கிகளை வைத்துக் காற்று வாங்க வந்தவர்களுக்கெல்லாம் இலவசமாகவே சங்கீதம் வழங்கிற்று. அதில் யாருக்கும் அபாயம் இல்லை. ஏனெனில் ரேடியோவைக் கேட்கிறவன் கேட்கத்தான் முடியும். வைஃபையோ போக்கும் வரவும் உள்ள வழி. அதில் நுழைந்தவன் பேசவும் செய்யலாம். அவன் பேசியதெல்லாம் உங்கள் விலாசத்திலிருந்து புறப்பட்டதாகவே பதிவாகும்.

இது வீண் பயமுறுத்தல் அன்று. 2008-ஆம் வருஷம் ஜூலை 26-ஆம் தேதி ஆமதாபாத்தில் வரிசையாகக் குண்டுகள் வெடித்து 50-க்கு மேற்பட்டோர் மாண்டனர். வெடிப்பதற்குச் சில நிமிஷங்களுக்கு முன்னால் பத்திரிகை, டெலிவிஷன் நிலையங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. போலீஸார் அதன் தடத்தைப் பிடித்துக்கொண்டு நவி மும்பையில் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் வீட்டை அடைந்தனர். அவருடைய கம்ப்யூட்டர்களைக் கைப்பற்றினர். அவரைத் துருவித் துருவி விசாரித்தனர். பாவம், அவர் செய்த குற்றம் வைஃபையைப் பூட்டாமல் விட்டதுதான்! வேறு யாரோ அவருடைய இணைப்பில் புகுந்து அதை அனுப்பியிருந்தார்கள். அதே வருஷம் செப்டம்பரில் டில்லிக் குண்டு வெடிப்பின்போதும் இதே கதை. இம்முறை மும்பை செம்பூரில் ஒரு கம்பெனியின் இணைப்பு. இதன் பிறகு 2009 பிப்ரவரியில் மத்திய சர்க்காரின் தொலைத்தொடர்பு இலாகா, வைஃபை இணைப்புகளைப் பாதுகாப்பாக அமைக்க வேண்டுமென்று இணைய சேவைக் கம்பெனிகளுக்கு உத்தரவிட்டது. ஆனால் ஒவ்வொரு வீட்டுக்கும் இலாகாவா வந்து பூட்ட முடியும்?

ஆகவே முதல் வேலை, ரவுட்டர் பெட்டியின் அமைப்புப் பக்கத்தைத் திறப்பது. அதற்கென்று வரும் ரகசியச் சொல் பல பெட்டிகளில் 'அட்மின்' என்றே இருக்கும். ஊரறிந்த அந்த ரகசியத்தை உடனே மாற்றிவிடுங்கள். அடுத்தது பூட்டின் ஜாதி. டபிள்யூ.ஈ.பி. என்பது 2001-லேயே உடைபட்ட பழம் பூட்டு. அது வேண்டவே வேண்டாம். 2004-இல் வந்த டபிள்யூ.பி.ஏ.2 போதும், 2018-இல் வந்த டபிள்யூ.பி.ஏ.3 இருந்தால் மேல். இதற்குரிய சாவிச் சொல் 8 எழுத்திலிருந்து 63 எழுத்து வரை இருக்கலாம். குழந்தையின் பெயரும் பிறந்த வருஷமும் கூடாது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலைந்து சொற்களைக் கோத்துவிட்டால் நினைவிலும் நிற்கும், திருடனுக்கும் எட்டாது.

டபிள்யூ.பி.எஸ். என்று ஒரு சௌகரியமும் உண்டு. 8 இலக்க எண்ணைக் கொடுத்தே உள்ளே போகலாம். 8 இலக்கம் என்றால் 10 கோடி எண்கள், யாரால் எண்ணிப் பார்க்க முடியும் என்று நினைக்கத் தோன்றும். பெட்டி அந்த எண்ணை இரண்டு பாதியாகப் பிரித்துச் சோதிப்பதாலும், கடைசி இலக்கம் மற்றவற்றிலிருந்து கணக்கிட்டுப் பெறுவதாலும், 11,000 முயற்சியே போதுமென்று 2011-இல் வெளியாயிற்று. எனவே அந்த வசதியை அணைத்து வைப்பதே நல்லது.

வீட்டுக்கு வருகிறவர்கள் காபி வருவதற்கு முன்பே வைஃபை கேட்கிற காலம் இது. இல்லை என்று சொல்வது நம் பழக்கமும் அன்று. அதற்காகவே பல ரவுட்டர்களில் விருந்தாளிகளுக்குத் தனி இணைப்பு அமைக்கலாம். உங்கள் கம்ப்யூட்டர்களை அவர்கள் கண்ணில் படாமல் அது காக்கும். ஆனால் விருந்தாளி இணைப்பிலிருந்து புறப்படுவதும் உங்கள் விலாசத்தோடுதான் புறப்படுகிறது. எனவே அதன் சாவியை முகம் தெரிந்தவர்களுக்கு மட்டும் கொடுத்து, மாதம் ஒரு முறை மாற்றுங்கள். மாற்றிய மறுநாள் காலையில் எந்தெந்த வீட்டுப் பிள்ளைகள் கதவைத் தட்டுகிறார்கள் என்பதைக் கவனித்தால், இதுவரை எத்தனை பேர் உள்ளே இருந்தார்கள் என்ற கணக்கும் தெரிந்துவிடும்.