அட்டையைக் கிழிக்காதீர்!

பழைய மாத இதழ்களையும் சித்திரக் கதைகளையும் பைண்டிங் செய்வோர் முதற்கண் செய்யும் வேலை, மேலட்டையைக் கிழித்தெறிவது. உள்ளிருப்பதே சரக்கு, அட்டை வெறும் உறை என்பது அவர்தம் எண்ணம். பூதமும் வேதாளமும் தீட்டிய அட்டைகளைக் காப்பதனால் யாது பயன் என்று கற்றறிந்த பெரியோரும் வினவுகின்றனர். இக்கூற்றை நாம் முற்றாக மறுக்கின்றோம்.

கடையநல்லூர் தறியறிந்த ஊர். கரையை வெட்டி எறிந்துவிட்டுத் துணியின் தரம் பேசுவார் இங்கு எவருமிலர். நூலுக்கு மட்டும் வேறு நீதியோ?

1947 ஜூலையில் தமிழில் தோன்றிய அம்புலிமாமாவின் அட்டைகளைப் பல்லாண்டுகள் தீட்டியவர் வட்டாதி பாப்பையா. 1952இல் அவ்விதழிற் சேர்ந்த சங்கர், தோளில் வேதாளத்தையும் கையில் வாளையும் தாங்கிய விக்கிரமனைத் தமிழர் நெஞ்சில் நிறுத்தி, 2020இல் மறைந்தார். 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ், இரும்புக்கை மாயாவியோடு புறப்பட்டது. உடல் மறைந்து கை மட்டும் தோன்றும் மனிதனை வரைவது எளிதா? காணாததைக் காட்டுவதன்றோ அக்கலை!

அட்டை ஓவியன் நூறு பக்கக் கதையை ஒரு கணத்தில் நிறுத்துகிறான். வாள் ஓங்கியிருக்கும், இறங்கியிராது. குகை திறந்திருக்கும்; உள்ளிருப்பது தெரியாது. எஞ்சியதை அறியும் வேட்கையே சிறுவனைப் படிக்க வைக்கிறது.

“உருவப்படம் ஆகுமா?” என்பர் சிலர். மார்க்க அறிஞரிடையே இதில் கருத்து வேறுபாடு உண்டு. சுவரில் மாட்டி வையுங்கள் என்று நாம் கூறவில்லை. ஆயின் வரலாற்றை மறைத்தல் ஆகாது. அரபு மொழிவளத்திற்காக நாம் ஓதும் அல்-ஹரீரியின் ‘மகாமாத்’தை, ஹிஜ்ரி 634இல் (கி.பி. 1237) தம் கையாலேயே எழுதி, ஏறத்தாழ நூறு ஓவியங்களும் தீட்டியவர் யஹ்யா அல்-வாஸிதீ. அச்சுவடி இன்று பாரிஸ் தேசிய நூலகத்தில் உள்ளது.

“கற்பனைப் பொய்க்குப் படம் எதற்கு?” என்பார்க்கு அக்பர் காலத்து ‘ஹம்ஸா நாமா’வே விடை. அது வரலாறு அன்று; அரக்கரும் மாயமும் நிறைந்த கற்பனை. அதற்கெனப் பதினைந்து ஆண்டளவில் தீட்டப்பட்டவை சுமார் 1400 படங்கள். இன்று எஞ்சியவை 200க்கும் குறைவே. 1881இல் காஷ்மீரத்தில் கிடைத்தவற்றுட் சில, குளிர்காற்றைத் தடுக்கச் சாளரங்களில் ஒட்டப்பட்டிருந்தன! ஒட்டியவர் கொடியர் அல்லர். பழந்தாள் என்று எண்ணியவர். நம் வீட்டுப் பரணில் உள்ளதையும் நாம் அவ்வாறே எண்ணுகின்றோம்.

எனவே வாசக அன்பர்காள்! பழைய இதழ்களை எடைக்குப் போடுமுன் ஒருமுறை புரட்டுங்கள். பைண்டிங் செய்யக் கொடுத்தால் அட்டையோடு தைக்கச் சொல்லுங்கள். ஓவியர் ஒப்பம் இருப்பின், அவர் பெயரையும் ஆண்டையும் பிள்ளைகளைக் கொண்டு குறித்து வையுங்கள். எழுதியவனைப் போற்றும் சமுதாயம், தீட்டியவனைக் குப்பையில் எறிதல் அறமாகாது.