நஷ்டக் கணக்கை நாமும் படிப்போம்!

தீபாவளி நெருங்கினால் ஆலை முதலாளிகளுக்கு நஷ்டம் வந்துவிடுகிறது. போனஸ் கேட்டால் பாலன்ஸ் ஷீட்டை நீட்டுகிறார்கள். "ஆடிட்டரே கையெழுத்திட்டிருக்கிறார், பாருங்கள்" என்கிறார்கள். பார்ப்போம், தோழர்களே! நன்றாகவே பார்ப்போம்!

களத்துமேட்டில் நிற்கும் விவசாயத் தொழிலாளிக்கு ஒன்று தெரியும். கடைசியில் எத்தனை மரக்கால் மிஞ்சியது என்பது மட்டுமல்ல; அதற்கு முன் யார் யார் எவ்வளவு அளந்துகொண்டு போனார்கள் என்பதே கேள்வி. கம்பெனிக் கணக்கும் அப்படித்தான். நஷ்டம் என்பது கடைசி வரி. நாம் மேலிருந்து படிக்க வேண்டும்.

உதாரணமாக, ஓர் ஆலைக்கு வரவு 100 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பஞ்சு, மின்சாரம், கூலி முதலிய செலவு 88 லட்சம். மிச்சம் 12 லட்சம். இதில் வட்டி 5 லட்சம், தேய்மானம் 10 லட்சம் கழித்தால் 3 லட்சம் நஷ்டம்! ஆனால், தேய்மானம் என்பது அவ்வருஷம் யாருக்கும் எண்ணிக் கொடுத்த பணமல்ல. இயந்திரம் தேய்வது உண்மையே. புதியது வாங்கப் பணம் வேண்டும் என்பதும் நியாயமே. அப்படியானால் வாங்கினார்களா? பெரிய கம்பெனிகளின் அறிக்கையில் ரொக்கம் வந்துபோன கணக்கு தனியாக உண்டு. அங்கே பாருங்கள்.

அடுத்து, வட்டி யாருக்குப் போயிற்று? பஞ்சு யாரிடம், என்ன விலைக்கு வாங்கினார்கள்? நூலை யாருக்கு விற்றார்கள்? முதலாளி குடும்பத்தின் வேறு கம்பெனிக்கா? கடைசிப் பக்கங்களின் பொடி எழுத்துக் குறிப்புகளில் இது அகப்படும். வருஷக் கடைசிக் கையிருப்பைக் குறைத்து மதிப்பிட்டாலும் லாபம் சுருங்கும். மூன்று வருஷக் கணக்கை அருகருகே வைத்து ஒப்பிடுங்கள்.

1950-இல் பம்பாய் மில் தொழிலாளர் வழக்கில் தொழிலாளர் அப்பீல் டிரிப்யூனல் ஒரு சூத்திரம் வகுத்தது. தேய்மானம், இயந்திரப் புதுப்பிப்பு, வருமான வரி, செலுத்திய மூலதனத்துக்கு 6 சதவீதம் முதலியன போக மிஞ்சுவதில்தான் போனஸ் என்றது. களத்தில் முதல் அளவு மற்றவர்களுக்கு! 1965-ஆம் வருஷ போனஸ் சட்டம், நஷ்டமானாலும் குறைந்தபட்ச போனஸ் உண்டு என்றது. இன்று அது 8.33 சதவீதம், உச்சவரம்பு 20 சதவீதம். இவ்விரண்டுக்கும் நடுவே நம் பங்கு எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது கணக்குப் புத்தகமே.

கம்பெனியாகப் பதிவான ஆலையின் கணக்கை, கம்பெனிப் பதிவாளரிடம் கட்டணம் செலுத்தி எவரும் பார்க்கலாம். ஒவ்வொரு சங்கமும் கணக்குப் படிக்க இரண்டு தோழர்களைத் தயார் செய்யட்டும். பேச்சுவார்த்தைக்குப் போகுமுன் கேள்விகளை எழுத்தில் கொடுங்கள். கணக்குத் தெரிந்த தொழிலாளியிடம் கடைசி வரியை மட்டும் காட்டித் தப்ப முடியாது!