மூட்டைப்பூச்சிக்காக வீட்டைக் கொளுத்தலாமா?

 

நம்ம கம்ப்யூட்டர் லேபில் அடிக்கடி காதில் விழும் ஒரு வாக்கியத்தைப் பற்றி இந்தச் சுவரிதழில் என் கருத்தை எழுத ஆசைப்படுகிறேன். அந்த வாக்கியம் இதுதான்: "சரி விடு, ஃபார்மேட் போட்டுரலாம்!"

லாகின் ஆகலையா? ஃபார்மேட். நெட் வரலையா? ஃபார்மேட். சாஃப்ட்வேர் ஏறலையா? அதுக்கும் ஃபார்மேட். காய்ச்சல்னு போனாலும், பல் வலின்னு போனாலும், கால் சுளுக்குன்னு போனாலும் ஒரே ஊசியைப் போடுகிற டாக்டரிடம் நாம் போவோமா? மாட்டோம் இல்லையா? கம்ப்யூட்டருக்கு மட்டும் ஏன் அந்த வைத்தியம்?

நம் லேபில் இருப்பது லினக்ஸ். அதில் வரும் சாதாரணப் பிரச்சினைகளில் பலவற்றுக்கு, பத்து நிமிஷம் பொறுமையாகப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும். ஃபார்மேட் என்பது கடைசி மருந்து. அதை முதல் மருந்தாகக் கொடுக்கக் கூடாது. இதுதான் என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

ஒரே அறிகுறி, வேற வேற நோய்

நம் எல்லாருக்கும் தெரிந்த ஒரு தொல்லை. பெயரும் பாஸ்வேர்டும் சரியாகத்தான் போடுகிறோம். திரை ஒரு நொடி கறுப்பாகிறது. மறுபடியும் அதே லாகின் திரை! பாஸ்வேர்ட் தப்பு என்றும் சொல்வதில்லை, உள்ளேயும் விடுவதில்லை. செக்குமாடு மாதிரி சுற்றிக்கொண்டே இருக்கிறது.

இதற்கு ஒரு காரணம் வட்டில் இடம் தீர்ந்து போவது. உள்ளே நுழையும்போது கணினி நம் கணக்கில் சில சின்னக் கோப்புகளை எழுத வேண்டும். எழுத ஓர் அங்குல இடம்கூட இல்லை என்றால் அது என்ன செய்யும்? திரும்பி வந்துவிடும். இதைக் கண்டுபிடிப்பது சுலபம். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் படம் எதுவும் இல்லாத கறுப்புத் திரை வரும். அதில் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து உள்ளே போகலாம். பிறகு டி, எஃப் என்ற இரண்டு எழுத்து, ஓர் இடைவெளி, ஒரு கழித்தல் குறி, எச். அவ்வளவுதான் கட்டளை. எந்தப் பகுதி எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்று பட்டியல் வரும். 100 என்று இருந்தால் திருடன் பிடிபட்டான்! குப்பைத் தொட்டியையும் இறக்கி வைத்த படங்களையும் காலி செய்தால் போதும். ஈஎக்ஸ்டி4 வகை வட்டுப் பகுதியில் வழக்கமாக 5 சதவீத இடத்தை ரூட் என்ற நிர்வாகிக்காக ஒதுக்கி வைத்திருப்பார்கள். நமக்கு இடம் தீர்ந்தாலும் நிர்வாகி உள்ளே போய்ச் சுத்தம் செய்ய அது கைகொடுக்கும்.

ஆனால் அதே தொல்லைக்கு இன்னொரு காரணமும் உண்டு. எக்ஸ்-அதாரிட்டி என்று ஒரு மறைந்த கோப்பு இருக்கிறது. பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி இருப்பதால் சாதாரணமாகக் கண்ணில் படாது. நம்ம லேபில் இருக்கும் லைட்-டிஎம் லாகின் திரைக்கு அது தேவை. யாராவது நிர்வாகி அதிகாரத்தோடு திரையைத் தொடங்கிவிட்டால், அந்தக் கோப்பின் உரிமையாளர் ரூட் என்று மாறிவிடலாம். அப்புறம் நம் வீட்டுப் பெட்டிக்கே நம்மிடம் சாவி இல்லாத கதைதான். எல், எஸ், இடைவெளி, கழித்தல் குறி, எல், ஏ என்று தட்டினால் ஒவ்வொரு கோப்பும் யாருடையது என்று பெயரோடு தெரியும். நம் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ரூட் என்று இருந்தால், சார் ஒரே கட்டளையில் உரிமையை மாற்றிக் கொடுத்துவிடுவார்.

பாருங்கள், அறிகுறி ஒன்று, நோய் இரண்டு! முதல் நோய்க்கு இரண்டாவது மருந்து கேட்காது. திருக்குறளின் 95ஆம் அதிகாரம் மருந்து. அதில் வள்ளுவர், முதலில் நோய் இன்னதென்று பார், அது எதனால் வந்தது என்று பார், அப்புறம் வைத்தியம் செய் என்கிறார். மனப்பாடப் பகுதியில் எழுதி மார்க் வாங்குகிறோம். லேபுக்குள் போனதும் மறந்துவிடுகிறோம்.

திரையே சொல்லுது, நாமதான் படிக்கலை

மழைக்காலத்தில் கரண்ட் போவது நம் ஊரில் புதிதல்ல. ஒரு மென்பொருளை ஏற்றிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், டெபியன், உபுண்டு வகை லினக்ஸில் அடுத்த முறை ஒரு செய்தி வரும். டிபிகேஜி வேலை பாதியில் நின்றுவிட்டது, இன்ன கட்டளையை நீங்களே இயக்கிச் சரிசெய்யுங்கள் என்று அது சொல்லும். கொடுக்க வேண்டிய கட்டளையை எழுத்துக்கு எழுத்து அதுவே எழுதிக் காட்டும்! பரீட்சையில் கேள்வித்தாளிலேயே விடையும் அச்சடித்துக் கொடுத்தால் விடுவோமா? இங்கே விட்டுவிடுகிறோம்.

சில நேரம் கணினி முழுசாகத் தொடங்காமல், இனிட்ராம்எஃப்எஸ் என்ற சொல்லோடு கறுப்புத் திரையில் நின்றுவிடும். பார்த்ததும் "செத்துப் போச்சுடா!" என்று கத்துகிறோம். சாகவில்லை. திடீரென்று கரண்ட் போனதில் வட்டின் கணக்குப் புத்தகத்தில் சில வரிகள் ஒத்துப் போகவில்லை, எஃப்எஸ்சிகே என்ற கட்டளையால் சரிபார்க்கச் சொல்கிறது. எந்தப் பகுதியைச் சரிபார்க்க வேண்டும் என்ற பெயரும் பெரும்பாலும் மேலேயே இருக்கும். இதை நாமாகச் செய்யாமல் சாரைக் கூப்பிடுவது நல்லது. ஆனால் கூப்பிடும்போது "ஓடலை சார்" என்று சொல்லாமல், திரையில் உள்ளதை அப்படியே வாசித்துச் சொன்னால் அவர் வேலை பாதி முடிந்தது.

நாம் ஏன் படிப்பதில்லை? உண்மையைச் சொல்லட்டுமா? அது ஆங்கிலத்தில் இருக்கிறது. தமிழ் வழியில் படிக்கும் நமக்கு நாலு வரி ஆங்கிலம் கறுப்புத் திரையில் வந்தாலே கை நடுங்குகிறது. நோம், கேடிஈ போன்ற திரையமைப்புகளில் தமிழை வைத்துக்கொள்ள முடியும். ஆனால் கோளாறு வரும்போது கறுப்புத் திரையில் வருவது பெரும்பாலும் ஆங்கிலம்தான். அதனால் என்ன? அடிக்கடி வரும் செய்திகள் பத்துப் பன்னிரண்டுதான் இருக்கும். வேதியியலில் எத்தனை சமன்பாடு மனப்பாடம் செய்கிறோம்! இந்தப் பன்னிரண்டு வாக்கியம் நமக்கு மலையா?

ஃபார்மேட் போட்டாலும் போகாத நோய்

இன்னொன்று கேளுங்கள். எந்த வெப்சைட்டைத் திறந்தாலும் "பாதுகாப்பு இல்லை" என்று எச்சரிக்கை வருகிறது. உடனே வைரஸ் என்கிறோம். முதலில் மூலையில் உள்ள தேதியைப் பாருங்கள். பத்து வருஷம் பின்னால் இருக்கலாம்! கணினி அணைந்திருக்கும்போது கடிகாரத்தை ஓட வைப்பது மதர்போர்டில் இருக்கும் சின்னக் காசு வடிவ பேட்டரி. பல கணினிகளில் அது சிஆர்2032 என்ற வகை. பழசாகித் தீர்ந்துவிட்டால் பிளக்கைப் பிடுங்கியதும் தேதி குழம்பிவிடும். வெப்சைட்டின் சான்றிதழுக்குத் தொடங்கும் தேதியும் முடியும் தேதியும் உண்டு. நம் கணினியின் தேதி அதற்கு வெளியே இருந்தால் நம்ப மறுக்கிறது. நேரத்தை இணையத்திலிருந்து எடுத்துக்கொள்ளும் வசதி இயங்கினால் அதுவே சரியாகிவிடும். அது அணைந்திருந்தால்தான் இந்தச் சிக்கல். இதற்கு நூறு தடவை ஃபார்மேட் போட்டாலும் பேட்டரி புதுசாகுமா?

நெட் வரவில்லை என்றாலும் படிப்படியாகத்தான் போக வேண்டும். கேபிள் சரியாகச் செருகியிருக்கிறதா, அந்த இடத்தில் விளக்கு எரிகிறதா? ரவுட்டருக்குப் பிங் போகிறதா? வெளியே 8.8.8.8 என்ற முகவரிக்குப் போகிறதா? எண்ணுக்குப் போய், பெயருக்கு மட்டும் போகவில்லை என்றால், கோளாறு பெரும்பாலும் பெயரை எண்ணாக மாற்றும் டிஎன்எஸ் அமைப்பில்தான். தண்ணீர் வரவில்லை என்றால் முதலில் குழாய், அடுத்து வால்வு, அப்புறம் தொட்டி என்று பார்க்கிறோமே, அதே முறைதான். மோட்டாரைக் கழற்றிக்கொண்டா ஓடுகிறோம்?

ஏழாம் நம்பர் கணினி

இதெல்லாம் சரி, ஃபார்மேட் போட்டால் என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். பதினொன்றாம் வகுப்புத் தங்கைகளைக் கேளுங்கள். சுற்றுச்சூழல் மன்றத்துக்காக ஜூன் மாதத்திலிருந்து தினமும் காலையில் மழைமானியைப் பார்த்து அளவு எழுதினார்கள். அறிவியல் கண்காட்சிக்கு வரைபடம் போட எல்லாவற்றையும் ஏழாம் நம்பர் கணினியில் ஏற்றி வைத்தார்கள். அது லாகின் திரையிலேயே சுற்றத் தொடங்கியது. யாரும் டிஎஃப் போட்டுப் பார்க்கவில்லை. வெளியிலிருந்து வந்த சர்வீஸ்காரர் ஒருவர் அரை மணி நேரத்தில் ஃபார்மேட் போட்டுவிட்டுப் போய்விட்டார். கணினி புதுசு மாதிரி ஆனது. நாலு மாத மழை போய்விட்டது. பெய்த மழையைத் திரும்ப அளக்க முடியுமா?

இரண்டு வாரம் கழித்து ஒன்பதாம் நம்பரிலும் அதே தொல்லை. இந்த முறை எங்கள் குழு பார்த்தது. வட்டு 100 சதவீதம் நிரம்பியிருந்தது. யாரோ இறக்கி வைத்த சினிமாக்கள்தான் காரணம். இருபது நிமிஷத்தில் சரியானது, ஒருவருடைய கோப்பும் போகவில்லை. ஏழாம் நம்பருக்கும் அதே காரணம்தானா? இப்போது யாராலும் சொல்ல முடியாது. இதை நன்றாகக் கவனியுங்கள், நண்பர்களே! ஃபார்மேட் நம் கோப்புகளோடு சேர்த்துக் கோளாறின் தடயத்தையும் அழித்துவிடுகிறது. காரணம் தெரியாத கோளாறு திரும்ப வராது என்று யார் உறுதி சொல்வது?

எதிர்க்கட்சி என்ன சொல்கிறது?

"ஒரு பீரியட் நாற்பது நிமிஷம். இருபது கணினி, நாற்பது பிள்ளைகள். ஒவ்வொன்றாக ஆராய்ச்சி பண்ணிட்டு இருந்தா பாடம் யார் நடத்துறது?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பாடம் நடத்துவதும் கணினியைப் பார்ப்பதும் ஒரே ஆசிரியர் தலையில் விழுந்தால் அவர் பாவம் என்ன செய்வார்?

"பிள்ளைங்க கையில் நிர்வாகி பாஸ்வேர்ட் கொடுத்தா லேபே இருக்காது" என்றும் சொல்கிறார்கள். அதுவும் சரி. கொடுக்க வேண்டாம்! லினக்ஸில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. நான் மேலே சொன்ன டிஎஃப், எல்எஸ், பிங், தேதி பார்ப்பது எல்லாமே சாதாரண மாணவர் கணக்கிலேயே ஓடும். நோயைக் கண்டுபிடிக்கப் பெரும்பாலும் நிர்வாகி பாஸ்வேர்ட் வேண்டாம். கணினியின் அமைப்பை மாற்றத்தான் வேண்டும். அப்படியானால் பார்ப்பது நம் வேலை, மாற்றுவது சார் வேலை என்று பிரித்துக்கொள்ளலாமே! அவர் நேரமும் மிச்சம், பாஸ்வேர்டும் பத்திரம்.

ஃபார்மேட்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. வட்டே பழுதாகி மாற்ற வேண்டி வந்தாலோ, அமைப்பு சரிசெய்ய முடியாத அளவுக்குக் குலைந்தாலோ போட்டுத்தான் ஆக வேண்டும். அப்போதும் லைவ் பென்டிரைவில் கணினியைத் தொடங்கி, எடுக்க முடிகிற கோப்புகளை முதலில் நகல் எடுத்த பிறகுதான் போட வேண்டும்.

என் யோசனைகள்

1. ஒவ்வொரு கணினிக்கும் ஒரு நோட்டு. தேதி, கோளாறுக்கு முன் என்ன செய்தோம், திரையில் வந்த செய்தி எழுத்து மாறாமல், என்னென்ன பார்த்தோம், எதனால் சரியானது என்று ஐந்து கட்டம். ஆஸ்பத்திரியில் கட்டில் காலில் தொங்கும் சீட்டு மாதிரி.

2. அடிக்கடி வரும் பன்னிரண்டு பிழைச் செய்திகளும் அவற்றின் தமிழ் அர்த்தமும் எழுதிய சார்ட் ஒன்று லேப் சுவரில்.

3. அடுத்த முறை லினக்ஸ் ஏற்றும்போது மாணவர் கோப்புகளுக்கு ஹோம் என்ற தனிப் பகுதி. அப்புறம் அந்தப் பகுதியைத் தொடாமலே அமைப்பை மட்டும் புதுசாக ஏற்றலாம்.

4. வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் முக்கியமான கோப்புகளை வேறு வட்டில் நகல் எடுக்க முறை வைத்து இரண்டு பேர்.

தமிழக அரசு 2011-ல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸோடு நம் நாட்டின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் கொடுத்தார்கள். எனக்குத் தெரிந்த அண்ணன், அக்கா சிலர் அதைத் திறந்தே பார்க்கவில்லை. சிலர் முதல் வாரமே அழித்துவிட்டார்கள். "வந்தா யாரு சரி பண்றது?" என்ற பயம்தான். அந்தப் பயம் நம்மோடு நிற்கட்டும். ஆறாம் வகுப்புத் தம்பி தங்கைகளுக்குப் போக வேண்டாம்.

சார்ட் எழுத எங்களுக்கு நல்ல கையெழுத்துள்ள இரண்டு பேர் தேவை. முதல் மூன்று செய்திகளைத் தமிழாக்கி வைத்திருக்கிறோம். விருப்பமுள்ளவர்கள் மதிய இடைவேளையில் லேப் வாசலுக்கு வாருங்கள். ஆங்கிலம் வராது என்று தயங்குபவர்கள் கட்டாயம் வாருங்கள். உங்களுக்குப் புரிகிற மாதிரி எழுதினால்தான் எல்லாருக்கும் புரியும்.



— பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, கணினி அறிவியல் பிரிவு