இடப்பக்கம் யாருடையது?

சென்ற மாதம் சிநேகிதர் ஒருவர் தம் காரில் என்னைச் சேலத்திலிருந்து நாமக்கல்லுக்கு அழைத்துப் போனார். புதுச்சத்திரம் சேர்வதற்குள் பதினொரு லாரிகளைத் திட்டித் தீர்த்துவிட்டார். எல்லாவற்றுக்கும் ஒரே குற்றம்தான்: முந்துகிறவர்களுக்கான வலப்பக்கத் தடத்தில் அவை ஊர்ந்துகொண்டிருந்தன. ஹாரன் அடிப்பார், விளக்கைச் சிமிட்டுவார். அப்புறம் ஸ்டியரிங்கை ஒடித்து இடப்பக்கமாகப் புகுந்து முந்துவார்.

இடது ஓரமாகப் போ, வலப்பக்கமாக முந்து என்பது சாலை விதிகளிலேயே இருக்கிறது. ஆகவே லாரிக்காரர் செய்வது தப்பு. சிநேகிதர் செய்ததும் தப்பு. ஆனால் இரண்டையும் ஒரே தராசில் நிறுக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

சிநேகிதர் இங்கிலாந்து போய்வந்தவர். அங்கும் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். மூன்று தடமுள்ள மோட்டார் சாலையில் பெரிய லாரி வலது கோடித் தடத்தில் நுழையக் கூடாதாம். அநாவசியமாக நடுத்தடத்தை அடைத்துக்கொண்டு போகிறவருக்கு 2013 முதல் போலீஸார் அங்கேயே 100 பவுன் அபராதச் சீட்டுக் கொடுக்கலாமாம். வாஸ்தவம். ஆனால் அந்தச் சாலையில் சைக்கிளும் டிராக்டரும் வரக் கூடாது, யாரும் நடக்கவும் கூடாது என்பதைச் சொல்ல மறந்துவிட்டார்.

நம் இடப்பக்கத்தைப் பாருங்கள். ஆண்டகளூர் கேட்டில் ஆள் ஏற்ற நிற்கும் பஸ். பின்விளக்கில்லாத கரும்பு டிராக்டர். டீக்கடை வாசலில் பாதி ரோட்டை அடைத்து நிறுத்திய வண்டி. போதாதற்கு, பால் கேனைக் கட்டிக்கொண்டு எதிர்த்திசையில் வரும் டி.வி.எஸ். 50. அந்த மனிதருக்கு விதி தெரியாமல் இல்லை. ஊர் ஒரு பக்கம், தோட்டம் மறுபக்கம்; நடுவில் அரளிச்செடி வளர்த்த தடுப்பு. திரும்ப வழியோ எங்கேயோ அப்பால்.

புதுச்சத்திரத்தில் டீ குடிக்க நின்றபோது ஒரு லாரி டிரைவரிடமே கேட்டேன்.

"லெப்டுல போகோணும்னு எங்களுக்குத் தெரியாதுங்களா? போனா நிமிசத்துக்கொருக்கா பிரேக் போடோணுங்க. இத்தன லோடோட நின்னு எடுத்தா டீசல் என்னத்துக்குங்க ஆகும்? எதுக்கால வர்றவன அடிச்சுப்போட்டா யாருங்க பதில் சொல்றது?"

லாரிக்காரர்கள் எல்லாம் உத்தமர்கள் என்று வாதாட நான் வரவில்லை. நடுநிசியில் இடப்பக்கம் காலியாகக் கிடந்தாலும் வலப்பக்கத்தை விடாதவர்கள் உண்டு. ஒரு லாரி இன்னொன்றை முந்த மூன்று மைல் எடுத்துக்கொள்ளும் வேடிக்கையும் உண்டு. அவர்களுக்குத் தாராளமாக அபராதம் போடட்டும்.

ஆனால் சிநேகிதரின் காரியத்தை யோசியுங்கள். டிரைவர் உட்கார்ந்திருப்பது வலப்பக்கம். உயரமான லாரியில் அவர் கண்ணுக்கு எட்டாத பக்கம் இடப்பக்கம்தான். முன்பெல்லாம் அந்தப் பக்கம் கிளீனர் தலையை நீட்டிக்கொண்டு, கதவைத் தட்டித் தட்டிச் சொல்லுவான். இன்று பல லாரிகளில் கிளீனரே கிடையாது. ஹாரன் அடிப்பதற்கு அர்த்தம், 'இடப்பக்கம் ஒதுங்கு' என்பது. அவர் மரியாதையாக ஒதுங்குகிற அதே நிமிஷத்தில் இவர் அதே இடத்தில் காரைச் செலுத்துகிறார்!

சுங்கம் வசூலிக்கிறவர்கள் பஸ் நிற்கத் தனி இடமும், ஊருக்கு ஊர் அணுகுசாலையும், தோட்டத்துக்குப் போகச் சுரங்கவழியும் முழுக்கக் கட்டித் தரட்டும். இடப்பக்கத்தைக் காலி செய்து கொடுத்துவிட்டு அப்புறம் லாரியை அங்கே போகச் சொல்லலாம்.

இதையெல்லாம் சிநேகிதரிடம் சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். டீக்கடையிலிருந்து கிளம்பிப் பத்து நிமிஷம் இருக்காது, பன்னிரண்டாவது லாரி. மறுபடியும் இடப்பக்கம் புகுந்தார். எதிரே வந்த பால்காரர் வண்டியோடு மண்ணில் இறங்கித் தடுமாறி நின்றார். கேன் உருண்டது.

சிநேகிதர் அவரையும் திட்டினார்.