போலிச் சரக்கும் தரகர் பொறுப்பும்

கடைத்தெருவில் பொருள் வாங்குகிறவனுக்கு மூன்று காவல்கள் உண்டு. சரக்கைக் கையிலெடுத்துப் பார்க்கலாம். விற்பவன் முகத்தைப் பார்க்கலாம். ஏமாந்துபோனால் மறுநாள் அதே வாசலில் நின்று நியாயம் கேட்கலாம். இன்டர்நெட் மூலம் நடக்கும் ஏலத் தளங்களிலும் விற்பனைத் தளங்களிலும் இம்மூன்றில் ஒன்றேனும் இல்லை. படத்தைப் பார்த்துப் பணம் கட்டவேண்டும்; விற்பவன் யார், எந்த ஊரான் என்பது பெரும்பாலும் தெரியாது. இந்த மறைவைப் பயன்படுத்திக்கொண்டு போலி செல்போன்களும் சார்ஜர்களும் மெமரி கார்டுகளும் தாராளமாக நடமாடுகின்றன. ஏமாறுகிறவர்கள் தனவந்தர்கள் அல்லர். மாதச் சம்பளத்தில் மீத்துவைத்துத் தன் பிள்ளையின் படிப்புக்கென ஒரு கருவி வாங்கும் ஏழைத் தகப்பனே பெரும்பாலும் வலையில் விழுகிறான். ஆதலால் இதை அற்ப விஷயமென்று தள்ளிவிடுவதற்கில்லை.

இவ்வியாபாரத்தின் வரலாறு நீண்டதன்று. 1995-ம் வருஷத்தில் அமெரிக்காவில் பியேர் ஒமிடியார் என்பவர் ஆரம்பித்த ஏலத் தளமே பின்னர் ஈபே என்று பெயர் பெற்றது. முன்பின் அறியாதவர்கள் ஒருவரையொருவர் நம்புவதற்காக, வாங்கியவரும் விற்றவரும் பரஸ்பரம் மதிப்புரை எழுதும் முறையை அது கைக்கொண்டது. 2004-ம் வருஷத்தில் பாஸீ என்ற தளத்தை விலைக்கு வாங்கி அது நம் நாட்டிலும் கால் வைத்தது. அதன் இந்தியத் தளம் 2018-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் மூடப்பட்டது. இன்று நம் நாட்டில் ஏலத்தைவிட நிர்ணய விலை விற்பனையே மிகுதி. ஆயினும் அடிப்படை மாறவில்லை. தளத்தின் சொந்தக்காரர் சரக்குக்குச் சொந்தக்காரரல்லர்; நடுவே நின்று தரகு பெறுகிறார். மதிப்புரைகளோ, கூலிக்கு எழுதுவிக்கத்தக்க சரக்காகிவிட்டன.

மோசடி எப்படி நடக்கிறதென்பதை வாசகர்கள் அறிந்திருத்தல் நலம். மெமரி கார்டை எடுத்துக்கொள்வோம். அதனுள்ளே உண்மையில் 16 ஜிபி இடமே இருக்கும். ஆனால், அதிலுள்ள கட்டுப்பாட்டுச் சில்லின் நிரலை மாற்றி, 512 ஜிபி இருப்பதாகக் கம்ப்யூட்டரிடம் பொய் சொல்லும்படி செய்துவிடுகிறார்கள். முதல் சில நாட்கள் யாதொரு குறையும் தோன்றாது. உண்மையான இடம் நிரம்பியபின் எழுதப்படுவன பழையவற்றின்மேல் விழுந்து அழிக்கும், அல்லது எங்குமே பதியாமற் போகும். கல்யாணப் படங்கள் காணாமற் போனதை அறியும்போது, சரக்கைத் திருப்பிக் கொடுக்கும் கெடுவும் கடந்திருக்கும். காலதாமதமே இம்மோசடியின் உயிர்நிலை.

மெமரி கார்டால் நேருவது பொருள் நஷ்டம். சார்ஜரால் உயிருக்கே அபாயம். 2016-ம் வருஷத்தில் பிரிட்டிஷ் வியாபாரத் தர அதிகாரிகள், எட்டுத் தேசங்களிலிருந்து ஆன்லைனில் வாங்கிய 400 போலி ஆப்பிள் சார்ஜர்களை யு.எல். என்ற சோதனை நிறுவனத்திடம் ஒப்புவித்தனர். மின்சார அதிர்ச்சியிலிருந்து காக்கப் போதுமான காப்பு அவற்றுள் மூன்றில் மாத்திரமே இருந்தது! நம் வீடுகளுக்கு வரும் 230 வோல்ட் மின்சாரத்தையும் போனுக்குச் செல்லும் 5 வோல்ட் மின்சாரத்தையும் பிரித்து நிறுத்துவது சார்ஜருக்குள் இருக்கும் சிறு டிரான்ஸ்பார்மரும், போதிய இடைவெளியுமேயாம். சில காசுகளை மிச்சம் பிடிக்கப் போலிக்காரன் குறைப்பது அந்தக் காப்பையேயாகும்.

வாங்குகிறவர் கைக்கொள்ளவேண்டிய எச்சரிக்கைகள் கடினமானவையல்ல. உலகம் அறிந்த சரக்கைப் பாதி விலைக்குத் தருவதாக ஒருவன் கூறினால், மறுபாதி எங்கே போயிற்றென்று முதலில் கேட்கவேண்டும். சார்ஜர், பவர் பேங்க், செல்போன் முதலியவற்றை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தில் பதிவுசெய்ய வேண்டுமென்பது சட்டம். சரக்கின்மேல் 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தோடு பதிவு எண் பொறிக்கப்பட்டிருக்கும், அதை 'பி.ஐ.எஸ். கேர்' என்னும் செயலியில் இட்டுப் பார்க்கலாம். செல்போனாயின் *#06# என்று அழுத்தினால் 15 இலக்க ஐ.எம்.ஈ.ஐ. எண் தோன்றும். அது பெட்டியிலும் பில்லிலும் உள்ள எண்ணோடு ஒத்திருக்கவேண்டும். 'கே.ஒய்.எம்.' என்ற ஆங்கில எழுத்துக்களுடன் அந்த எண்ணை 14422-க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினால், அது தடைசெய்யப்பட்டதா, இரட்டிப்பானதா என்று தெரிந்துவிடும். மெமரி கார்டு வந்த அன்றே அதை முழுவதும் நிரப்பி, மீண்டும் படித்துப் பார்த்துவிட வேண்டும். இதற்கென எஃப்3 போன்ற இலவச நிரல்கள் இருக்கின்றன. பார்சலைப் பிரிப்பதை வீடியோ எடுத்துவைப்பது பிற்பாடு சாட்சியாக உதவும். தளத்துக்கு வெளியே நேராகப் பணம் அனுப்பச் சொல்கிறவனை ஒருபோதும் நம்பலாகாது. அங்ஙனம் பணம் பறிபோயிருந்தால் தாமதமின்றி 1930 என்ற எண்ணுக்கு அறிவிக்கவேண்டும்.

ஆனால், எல்லா ஜாக்கிரதையையும் வாங்குகிறவன் தலையிலேயே சுமத்திவிட்டு மற்றவர்கள் சும்மா இருப்பது நியாயமாகுமா? ஆகாதென்றே நாம் கூறுவோம். சட்டமும் ஓரளவுக்கு அப்படித்தான் கூறுகிறது. 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஏலத் தளங்களையும் வெளிப்படையாகக் குறிப்பிட்டுத் தன் வரம்புக்குள் கொண்டுவந்திருக்கிறது. 2020-ம் வருஷம் ஜூலை மாதம் வெளியான மின்வணிக விதிகளின்படி, தளத்தின் குறை தீர்க்கும் அதிகாரி புகாரை 48 மணி நேரத்துக்குள் ஏற்றுக்கொண்டதாக அறிவித்து ஒரு மாதத்துக்குள் பரிகாரம் செய்யவேண்டும். போலிச் சரக்கைத் திரும்பப் பெறவோ பணத்தைத் திருப்பித் தரவோ விற்பனையாளர் மறுக்கலாகாது. வாங்கியவர் எழுதிக் கேட்டால் விற்பனையாளரின் விலாசத்தைத் தளம் தரவேண்டும். பரிகாரம் கிட்டாவிடில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுண்டு. தாம் வசிக்கும் ஜில்லாவிலேயே நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடரவும் உரிமையுண்டு. ஐந்து லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது. ஒன்றை மாத்திரம் மறக்கலாகாது. தொழிலாக அன்றித் தம் பழைய பொருளை விற்கும் தனி மனிதரை மின்வணிக விதிகள் கட்டுப்படுத்துவதில்லை. அவரிடம் நேரில் பார்த்துச் சோதித்து வாங்குவதே உசிதம்.

இவ்வளவு இருந்தும் போலி ஏன் ஒழியவில்லை? அவ்விதிகளிலேயே ஓர் ஓட்டை இருக்கிறது. வியாபாரக் குறிச் சட்டம் முதலியவற்றின்கீழ் சரக்கு நீக்கப்பட்ட பின்னரும் திரும்பத் திரும்ப அத்தகைய சரக்கையே கொண்டுவரும் விற்பனையாளர்களைப் பற்றித் தளங்கள் பதிவேடு வைக்க முயலவேண்டுமென்று விதி கூறுகிறது. ஆனால், அவர்களை வெளியேற்றியே தீரவேண்டுமென்று கட்டாயமில்லை, இஷ்டமிருந்தால் வெளியேற்றலாமாம்! திருடன் பெயரை ஏட்டில் எழுதிக்கொள், வீட்டுக்குள் விடுவதும் விடாததும் உன் சித்தம் என்பது எந்த ஊர்க் காவல்?

தண்டனையும் தரகும் எவ்வாறு இருக்கின்றன என்பதற்கு ஓர் உதாரணம் போதும். 2022-ம் வருஷத்தில், தர முத்திரையில்லாத 2,265 பிரஷர் குக்கர்கள் விற்க இடங்கொடுத்த பெரிய தளமொன்றின்மேல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு பிறப்பித்தது. சரக்கைத் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தரும்படி கட்டளையிட்டது, அது போற்றத்தக்கதே. ஆனால், விதித்த அபராதம் 1 லட்சம் ரூபாய். அவ்விற்பனையில் தளம் பெற்ற கட்டணமோ 6 லட்சத்து 14 ஆயிரம் ரூபாய்க்கு மேல். இந்தக் கணக்கைப் பார்க்கும் எந்த வியாபாரி அஞ்சுவான்?

கோடிக்கணக்கான சரக்குகளை ஒவ்வொன்றாகச் சோதிப்பது அசாத்தியம் என்று தளங்கள் வாதிக்கின்றன. அமெரிக்காவில் டிஃபனி நிறுவனம் ஈபேயின்மேல் தொடுத்த வழக்கில், போலி நடமாடுகிறதென்ற பொது அறிவு போதாது, இன்ன சரக்கு போலி என்று தளத்துக்குத் தெரிந்திருக்கவேண்டும் என 2010-ம் வருஷத்தில் அப்பீல் கோர்ட்டு தீர்ப்பளித்ததும் உண்மையே. அவ்வாதத்தில் ஓரளவு நியாயமிருப்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால், முதன்முறை தெரியாமல் இடங்கொடுத்ததற்கும், தெரிந்தபின் இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் இடங்கொடுத்துத் தரகு பெறுவதற்கும் பேதமில்லையா? பின்னதற்கு மன்னிப்பே கிடையாது.

தேசாபிமானிகளில் சிலர், 'எல்லாம் சீனச் சரக்கு' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஓய்ந்துவிடுகிறார்கள். சரக்கு எங்கே செய்யப்பட்டதாயினும், அதை இங்கே விற்றுத் தரகு பெறுகிறவர்கள் நம் சட்டத்துக்கு உட்பட்டவர்களே. கதர் இயக்கம் ஓங்கியிருந்த நாட்களிலும் மில் துணியைக் கதரென்று விற்றவர்கள் இருந்தார்கள். அதற்காக நம் பெரியோர் கதரைக் கைவிடவில்லை. 1925-ம் வருஷத்தில் ஏற்பட்ட அகில இந்திய சர்க்கா சங்கத்தின் மூலம் நம்பத்தக்க கதர்க் கடைகளுக்கு அத்தாட்சி அளித்தார்கள். அத்தாட்சி பெற்ற கதரையே வாங்கவேண்டுமென்று பிரசாரம் செய்தார்கள். அம்முறையே இன்றும் வேண்டும்.

ஆகவே நாம் கேட்பது இரண்டு. முதலாவது, போலி விற்றுப் பலமுறை பிடிபட்டவனை வெளியேற்றுவதைச் சர்க்கார் கட்டாயமாக்கி, மீறும் தளத்தின்மீது அது பெற்ற தரகுக்குப் பன்மடங்கு அபராதம் விதிக்கவேண்டும். இரண்டாவது, ஊர்தோறும் பொதுத் தொண்டில் ஈடுபட்டிருப்போர், ஏமாந்த ஏழைக்குப் புகார் எழுதித் தருவதையும் ஒரு தேசத் தொண்டாகக் கொள்ளவேண்டும். ஏமாந்தவன் வெட்கப்பட்டு மௌனமாக இருக்கும் வரையில்தான் போலிக்காரனுக்கு வாழ்வு. லாபத்தில் பங்கு கொள்கிறவன் பொறுப்பிலும் பங்கு கொள்ளவேண்டும் என்ற பழைய நியாயத்துக்கு இப்புதிய வியாபாரம் மட்டும் விலக்காக இருக்க முடியாது.