தொட்டிச் செடி மஞ்சளானா முதல்ல மண்ணைப் பாருங்க

தொட்டியில வச்ச மல்லி, ரோஜா மஞ்சளாச்சுன்னா நம்ம ஆளுங்க உடனே உரத்தை அள்ளிப் போடுறாங்க. கூடவே முட்டை ஓடு, அடுப்புச் சாம்பல். அப்பவும் தேறலைன்னா பிடுங்கி எறிஞ்சிடுறாங்க. இது சரியில்லைங்க.

கொழுந்து இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையா நின்னா, பெரும்பாலும் மண்ணுல இரும்புச் சத்து இருக்கும். மண்ணு காரமாயிட்டதால வேரால எடுக்க முடியாது. போர் தண்ணியில உள்ள சுண்ணாம்பு நாளாக நாளாகத் தொட்டியில சேருது. சாம்பலும் போட்டா காரம் இன்னும் ஏறும்.

காட்டு மண்ணுக்கு 2015லிருந்து மண்வள அட்டை தர்றாங்க. தொட்டிக்கு நாமதான் பாக்கணும். ஒரு பங்கு மண்ணுக்கு ரெண்டு பங்கு மழைத்தண்ணி ஊத்திக் கலக்கி, அரை மணி நேரம் தெளியவிட்டு, பி.எச். தாளை நனைச்சுப் பாருங்க. 6லிருந்து 7க்குள்ள இருந்தா நல்லது. 8 காட்டினா மக்குன இலை உரம், மழைத்தண்ணி கொடுங்க. கந்தகத் தூள் கொஞ்சமாப் போடலாம்; வேலை செய்ய வாரக்கணக்காகும். 5க்குக் கீழ போனாத்தான் சுண்ணாம்பு, சாம்பல்.

என்ன நோவுன்னு பாக்காம நாம மருந்து குடிப்போமா? செடிக்கும் அதே நியாயந்தான்.